கேள்வி – பதில்: ஊழியரின் பெயரில் ஒரு கூடம்

பொதுக் கட்டடங்களுக்குப் பெயர் சூட்டுவது பற்றி இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்தக் கட்டடங்களில் உழைத்து ஓய்ந்தவர்களின் பெயரையும் நினைக்கலாமே என்பதுதான் அந்த வரி. அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் சொல்கிறேன். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் 27 ஆண்டுகள் நூலகராக இருந்த அம்மையார், ஓய்வு பெற்றபின் சென்ற ஆண்டு காலமானார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எழுந்து போகும்வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். நூலகத்தோடு சேர்த்துப் புதிதாகக் கட்டியிருக்கும் வாசிப்புக் கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டலாம் என்று வாசகர் வட்டத்தில் பேசினோம். “அரசு ஊழியருக்கெல்லாம் பெயர் வைக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்?” என்று ஒரு பெரியவர் தடுக்கிறார். இந்தக் கோரிக்கையை யாரிடம் கொண்டுபோக வேண்டும்?
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பெரியவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்து ஓய்வு பெறுகிற அத்தனை பேரின் பெயரையும் சுவரில் எழுதிவிட முடியாது. ஆனால் நம் ஊர்களின் பொதுக் கட்டடங்களில் தொங்கும் பெயர்ப்பலகைகளை ஒரு நாள் முழுக்கப் படித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். ஆண்டவர்கள், கட்சித் தலைவர்கள், நன்கொடை தந்தவர்கள் ஆகியோரின் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுவர்களுக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்தவரின் பெயர் அத்தி பூத்தாற்போல எங்கோ ஓரிடத்தில்தான் தென்படும். சென்னையின் கன்னிமாரா நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1890-இல் அதற்கு அடிக்கல் நாட்டிய ஆளுநரின் பெயர் அது. 1896-இல் நூலகம் திறக்கப்பட்டபோது அவர் பதவிக்காலம் முடிந்து இங்கிலாந்துக்குத் திரும்பி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே புத்தகம் எடுத்துக் கொடுத்தவர்களின் பெயரை அந்த நூலகத்துக்கு நாள்தோறும் போகிறவர்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

நூலகர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்று பெரியவர் கேட்டால், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லுங்கள். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வந்த புதிதில் வேலை சலித்துப்போய், மறுபடியும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர்தான். பயிற்சிக்காக லண்டனுக்குப் போய் வந்த பிறகு மனம் மாறி, 20 ஆண்டுகள் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. “நூல்கள் பயன்படுத்துவதற்கே” என்று தொடங்கும் அவருடைய ஐந்து விதிகள் 1931-இல் வெளிவந்தன. புத்தகத்தைப் பூட்டிவைத்துக் காப்பதே நூலகரின் கடமை என்று நம்பிய காலத்தில் அது துணிச்சலான வரி. நான்காவது விதி வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்கிறது. விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மையார் அதைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் அதன்படிதான் நடந்திருக்கிறார். ரங்கநாதனின் முயற்சியால் வந்ததுதான் 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நாம் கட்டும் நூலக வரிக்கு அந்தச் சட்டமே மூலம். இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியபோது, அவர் அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. மனைவி சாரதாவின் பெயரைத்தான் முன்னால் வைத்தார்.

இனி, உங்கள் காரியத்துக்கு வருவோம். நூலகம் முழுவதற்கும் பெயர் கேட்காதீர்கள். வாசிப்புக் கூடத்துக்கு மட்டும் கேளுங்கள். கேட்பது சிறிதாக இருந்தால் தடையும் சிறிதாக இருக்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த அம்மையார் விளக்கை அணைக்காமல் காத்திருந்தது வாசிக்கிறவர்களுக்காகத்தானே? பெயர் அந்த வேலை நடந்த இடத்தில் இருப்பதுதான் பொருத்தம். முதலில் வாசகர் வட்டத்தில் முறையாகத் தீர்மானம் எழுதி, வந்திருந்தவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். அவர் பணியில் சேர்ந்த நாள், ஓய்வு பெற்ற நாள், அவர் காலத்தில் உறுப்பினர்களும் புரவலர்களும் எத்தனை பேராக உயர்ந்தார்கள் என்பவற்றை நூலகப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் ஒரு குறிப்பு எழுதுங்கள். அங்கே படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் நான்கைந்து பேர் தங்கள் கைப்பட எழுதிய கடிதங்களையும் இணைத்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவின் செயலராக இருக்கும் மாவட்ட நூலக அலுவலரிடம் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கையோடு வாங்கி வாருங்கள். கட்டடம் நிற்கும் மனை ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ சொந்தமானது என்றால் அந்த மன்றத்தின் தீர்மானத்தையும் வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் எழக்கூடிய வில்லங்கத்தைத் தவிர்க்கும்.

பெரியவரையும் ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் குறிப்பை எழுதும் பொறுப்பில் அவரையே சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு மறுப்பதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். உதிராவிட்டால் அவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

கேள்வி: சம்பளம் வாங்கிக்கொண்டுதானே வேலை செய்தார்கள்? கடமையைச் செய்ததற்குச் சிலை, பெயர்ப்பலகை எல்லாம் எதற்கு?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: ஆளுநர்களும் சம்பளம் வாங்கியவர்கள்தாம், ஐயா.

உங்கள் கேள்வியின் உட்பொருளை நான் புரிந்துகொள்கிறேன். கடமைக்கும் அர்ப்பணிப்புக்கும் இடையில் கோடு போடுவது எளிதன்று. நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: அவர் அந்த நாற்காலியில் இல்லாமல் வேறொருவர் இருந்திருந்தாலும் அதே காரியம் நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அவருக்கு ஒரு சால்வையும் நல்ல விருந்தும் போதும். நடந்திருக்காது என்றால் பெயரைப் பற்றி யோசிக்கலாம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்துக்குள் பழைய சென்னை வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்னும் நிற்கிறது. 15 அடி உயரம், 10 டன் எடை. 1792-ஆம் ஆண்டும், அந்த வானாய்வகத்தை அமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரும், பிரிட்டிஷாரின் தயாளத்தால் ஆசியாவில் கணித அறிவியல் நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருபவர்களும் அறியட்டும் என்ற பொருளில் ஒரு வாசகமும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த வாசகம் தமிழிலும் உண்டு. அதே வானாய்வகத்தில் பிற்காலத்தில் தலைமை உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அது என்ன, எப்படிப் பார்ப்பது என்று பொதுமக்களுக்கு விளக்கி இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். மேலதிகாரி சொன்ன கணக்கைப் போட்டுவிட்டு மாலையில் வீட்டுக்குப் போயிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், சம்பளமும் குறைந்திருக்காது. தூணில் இடம் பிடித்தவர் டாப்பிங். அவர் உழைப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் அந்தத் தூணைப் பார்க்கும்போதெல்லாம், கல்லில் கொஞ்சம் வெற்றிடம் மிச்சம் இருக்கிறதா என்று என் கண் தேடும்.

கேள்வி: காவலூர் வானாய்வகத்துக்கு வைணு பாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் யார்? நிலம் கொடுத்தவர் என்று எங்கள் பகுதியில் ஒருவர் சொல்கிறார், மந்திரி என்று இன்னொருவர் சொல்கிறார்.
— ஒரு கல்லூரி மாணவர், வாணியம்பாடி

பதில்: இரண்டும் இல்லை. அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே வானாய்வகத்தை உருவாக்கிய இயக்குநர் அவர். நம் நாட்டில் ஓர் ஊழியரின் பெயரை அவர் பணிக்களத்துக்கே சூட்டிய எடுத்துக்காட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927-இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியதால் தொலைநோக்கி இருந்த சூழலிலேயே வளர்ந்தார். ஹார்வர்டுக்குப் படிக்கப் போன 1949-ஆம் ஆண்டிலேயே ஒரு வால்மீனைக் கண்டறிந்தார்; பாப்பு–பாக்–நியூகிர்க் என்று அதற்குப் பெயர். 1957-இல் ஒலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து, விண்மீனின் நிறமாலையில் கால்சியம் காட்டும் ஒரு கோட்டின் அகலத்தைக் கொண்டே அந்த விண்மீனின் உண்மையான ஒளியளவைக் கணிக்கலாம் என்று காட்டினார். அதை இன்றும் வில்சன்–பாப்பு விளைவு என்றே பாடநூல்கள் சொல்கின்றன. இந்தப் புகழோடு அவர் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்து, 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார்.

கொடைக்கானல் சூரியனை ஆராய்வதற்கு நல்ல இடம். இரவு வானத்தை ஆராய்வதற்கு மேகம் குறைந்த, நகர வெளிச்சம் எட்டாத, நிலநடுக்கோட்டுக்கு அருகிலான வேறோர் இடம் வேண்டும் என்பது பாப்புவின் கணக்கு. தெற்கு வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து பார்த்துவிடலாம். தேடி அலைந்து, கடைசியில் அவர் தேர்ந்த இடம்தான் உங்கள் ஜவ்வாது மலையில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர். 1960-களின் பிற்பகுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த ஆண்டிலேயே வியாழனின் துணைக்கோளான கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறியும், 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான சான்றும் காவலூரிலிருந்து கிடைத்தன.

பாப்புவின் பெருங்கனவு இந்தியாவிலேயே ஒரு பெரிய தொலைநோக்கியைச் செய்வது. ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். மூலக் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தாலும், அதைத் தேய்த்து, மெருகேற்றி, மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்கும் பிசகாமல் வளைவு எடுக்கும் வேலையை நம் ஆட்களே ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். அது நிறைவடைவதை அவர் பார்க்கவில்லை. உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த காலத்திலேயே, 1982 ஆகஸ்டில், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் மூனிக் நகரில் 55 வயதில் காலமானார். அடுத்து இயக்குநரான ஜே.சி. பட்டாச்சார்யா வேலையை முடித்துக் காட்டினார். 1986 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தபோது வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. திறந்து வைப்பவர் பிரதமராக இருந்தும், பெயர் வேலை செய்தவருக்குப் போனது.

நான் ஒரு சனிக்கிழமை மாலை ஆலங்காயம் வழியாக மலையேறி அங்கே போயிருக்கிறேன். இருட்டிய பிறகு, பெரிய குவிமாடத்தின் வாய் விலகும்போது மோட்டார் எழுப்பும் உறுமலும், விலகிய இடைவெளியில் சட்டென்று தெரிந்த ஒரு பிடி விண்மீன்களும் நினைவில் நிற்கின்றன. எங்களோடு வந்த ஒரு சிறுமி, “வைணு பாப்பு என்பது எந்த நட்சத்திரம்?” என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கேட்டதில் தவறே இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் ஒரு சிறுகோளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1988-இல் காவலூரிலிருந்தே கண்டறியப்பட்ட வேறொரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது என்பதையும் அந்தப் பகுதிக்காரர் என்ற முறையில் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2014-இல் அதே வளாகத்தில் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது. அதற்கு ஜே.சி. பட்டாச்சார்யாவின் பெயரைக் கொடுத்தார்கள். முன்னவரின் கனவை முடித்துக்கொடுத்தவருக்கு அடுத்த கருவி. ஒரு நிறுவனம் தன் ஆட்களைத் தானே நினைவில் வைத்திருக்கும் முறைமை இது. ஒரு குறையும் சொல்லவேண்டும்: ஆடியைத் தேய்த்த கைகளின் பெயர்களும் பார்வையாளர் கண்ணில் படும்படி ஓரிடத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் நிறைவாக இருக்கும்.

விண்வெளி, அணுசக்தித் துறைகளில் இந்த வழக்கம் கூடுதலாகவே உண்டு. டிராம்பேயில் இருந்த அணுசக்தி நிறுவனம், ஹோமி பாபா விமான விபத்தில் இறந்த மறுவருடம், 1967-இல், பாபா அணு ஆராய்ச்சி மையம் ஆனது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு 2002 செப்டம்பர் 5 அன்று, இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான் பெயர் சூட்டப்பட்டது. 1979-இல் முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது செய்தியாளர்கள் முன் தாமே வந்து நின்றவர் அவர். மறுவருடம் வெற்றி பெற்றபோது கலாமை முன்னே அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டவரும் அவரே. கலாமே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். தவானுக்குப் பறவைகள் பறக்கும் விதத்தில் தீராத ஆர்வம் உண்டு, அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பழவேற்காட்டு ஏரியைத் தாண்டித்தான் அந்த ஏவுதளத்துக்குப் போகவேண்டும் என்பதால், பூநாரைகள் இறங்கும் அந்த ஏரிக்கரைக்கு அவர் பெயர் கூடுதலாகவே பொருந்துகிறது. கல்பாக்கத்தின் அணு ஆராய்ச்சி மையத்துக்கு மட்டும் பிரதமராக இருந்த இந்திரா காந்தியின் பெயர். காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெயர் வைத்து என்ன பயன், யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லையே?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: மதுரைக்காரர் இதைக் கேட்பதற்கு முழு உரிமையும் உண்டு. உங்கள் ஊரின் பெரிய பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர், நடத்துநரும் பயணியும் சொல்வது மாட்டுத்தாவணி. சென்னையிலும் அப்படியே கோயம்பேடு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு 2019-இல் சூட்டிய முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் ஆட்டோக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மக்கள் நாக்கு நீளமான பட்டங்களைத் தாங்காது என்பதுதான் காரணம். அந்த மனிதர்மேல் அவர்களுக்கு மரியாதை இல்லை என்பதன்று. சுருக்கமாக இருந்தால், அல்லது சுருக்கிக்கொள்ள முடிந்தால், பெயர் நிலைக்கும். சௌந்தரபாண்டியன் பெயரிலான அங்காடி பாண்டி பஜார் ஆனது, தியாகராயர் டி.நகருக்குள் புகுந்துகொண்டார். பாண்டி என்றால் பாண்டிச்சேரி என்று நினைப்பவர்களே இன்று மிகுதி என்பது வேறு கதை.

தேனியின் புதிய பேருந்து நிலையத்துக்கு கர்னல் ஜான் பென்னிகுவிக் பெயரை வைத்தது சரியான தேர்வு என்பேன். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் அவர். மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது. நடத்துநர் வாயில் அந்தப் பெயர் வராவிட்டாலும், அவர் பிறந்த ஜனவரி 15 அன்று லோயர் கேம்பில் மக்கள் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். பலகை வருவதற்கு முன்பே பெயர் ஊரில் இருந்தது. அவர் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையை மட்டும் கல்வெட்டில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். எட்டு ஆண்டுகள் காய்ச்சலும் வெள்ளமும் காட்டு விலங்குமாய் இருந்த இடத்தில் நின்று வேலை வாங்கியதே எழுதப் போதுமானது.

கேள்வி: உயிரோடு இருப்பவரின் பெயரை வைக்கலாமா?
— ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: பொதுவாக வேண்டாம் என்பது என் கட்சி. மனிதர் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கையில் பெயர் வைத்தால், அவர் அடுத்து என்ன செய்வாரோ என்ற கவலையும் கூடவே வரும். ஆனால் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன, இனி எந்தப் பதவிக்கும் வரப்போகாத முதியவர் என்றால் இந்தத் தயக்கம் தேவையில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, 2017-இல் லாங்லி மையத்தின் புதிய கணினி ஆராய்ச்சிக் கட்டடத்துக்குக் கேத்தரின் ஜான்சனின் பெயரைச் சூட்டியது. கணினி என்பது இயந்திரத்தின் பெயராக ஆவதற்கு முன்னால், கணக்குப் போடும் பெண்களைக் குறித்த பதவிப் பெயராக அங்கே இருந்தது. கறுப்பினப் பெண்களுக்குத் தனி அறை ஒதுக்கியிருந்த அந்தக் காலத்தில், 1953-இல், அவர் வேலைக்குச் சேர்ந்தார். 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படும் முன், இயந்திரம் போட்ட கணக்கை அந்தப் பெண்மணி ஒருமுறை கையால் சரிபார்க்கட்டும் என்று கேட்டார். 1986-இல் ஓய்வு பெற்றவர், 99 வயதில் சக்கர நாற்காலியில் விழாவுக்கு வந்து தம் பெயரிட்ட கட்டடத்தைப் பார்த்தார். அது கணக்குப் போடும் கட்டடம் என்பதைக் கவனியுங்கள். ஏதோ ஒரு கட்டடத்தை எடுத்து ஏதோ ஒரு பெயரை ஒட்டவில்லை.

இந்திய அஞ்சல் துறையும் விஸ்வேஸ்வரய்யாவுக்கு நூறு வயது நிறைந்தபோது, 1960-இல், அவர் உயிரோடு இருக்கையிலேயே அஞ்சல்தலை வெளியிட்டிருக்கிறது. நூறு வயது வரை காத்திருக்கச் சொன்னால் உங்களுக்குச் சம்மதமா?

கேள்வி: பெயர் வைத்தாலே சாதிச் சண்டைதான். பேசாமல் எண் போட்டுவிட்டால் என்ன?
— ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: 1997-ஐ நேரில் பார்த்தவர் எழுதிய கடிதம் என்று புரிகிறது. போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குப் பெயர் சூட்டியதை ஒட்டித் தென் மாவட்டங்களில் மூண்ட மோதல்களுக்குப் பின், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு ஒரேயடியாக நீக்கியது. சேரன், பாண்டியன், கட்டபொம்மன் எல்லாம் பேருந்துகளின் பக்கவாட்டிலிருந்து அழிந்தன; எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் சேரன் பஸ் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அங்கே பெயர்கள் சமூகங்களின் அடையாளமாகப் பார்க்கப்பட்டன. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. ஊழியரின் பெயரில் அந்த ஆபத்து முற்றாக இல்லை என்று நான் சொல்லமாட்டேன். செவிலியரோ நூலகரோ யாராயிருந்தாலும் அவருக்கும் ஒரு தெரு உண்டு, அந்தத் தெருவுக்கு ஒரு பக்கம் உண்டு. ஆனால் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். தீர்மானத்தில் முதல் கையொப்பம் வேறு தெருக்காரருடையதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். எண் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை: தெருவுக்கு எண் சரிவரும், வாசிப்புக் கூடத்துக்கு எண் போட்டால் அது சிறைக்கூடம் போலத் தோன்றும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிடும் வேலையை 30 ஆண்டுகளுக்கு மேல் பார்த்த அண்ணன் இறந்துவிட்டார். புயல் நாள்களிலும் தண்ணீர் நின்றதில்லை. புதுத் தொட்டிக்கு அவர் பெயரை எழுதலாம் என்கிறார்கள் இளைஞர்கள். கல்வெட்டில் என்ன எழுதுவது?
— ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர், கடலூர் மாவட்டம்

பதில்: முதலில் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் எது முதலில் வருகிறதோ அதில் வைக்கலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் பொருத்தமும் கூடும்.

கல்வெட்டைப் பற்றி ஒரு பழைய வருத்தம் சொல்கிறேன். ஓர் ஊரில் மறைந்த பணியாளர் ஒருவரின் பெயரில் கட்டிய நிழற்குடைத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். திரையை விலக்கியதும் பளிங்குக் கல் தெரிந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று பதினேழு பெயர்கள். யாருக்காகக் கூடினோமோ அவர் பெயர் மேலே ஒரே வரியில், அவர் என்ன வேலை பார்த்தார் என்பது எங்குமே இல்லை. அவருடைய மனைவி கல்லருகே வந்து நின்று, விரலால் அந்த ஒரு வரியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். திறப்பாளர்களுக்கு மரியாதை வேண்டும்தான். அதற்குத் தனியாக ஒரு சிறிய கல் வைத்துக்கொள்ளலாம்.

தொட்டியின் உச்சியில் பெயிண்டில் எழுதினால் தொலைவிலிருந்து தெரியும், நான்கு மழையில் வெளுக்கும். கீழே, குடம் வைத்துக் காத்திருப்பவர்களின் கண்மட்டத்தில் கல்லைப் பதியுங்கள். அவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இந்த ஊருக்குத் தண்ணீர் விட்டார் என்பது ஒரு வரி. புயல் நாள்களிலும் விடாமல் விட்டார் என்பது இன்னொரு வரி. எழுதுவதற்கு முன் வீட்டாரிடம் போய், அவர்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். பெயரை எப்படி எழுதுவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். ஊராட்சிப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஊர் வாயில் வேறொரு பெயரும் இருப்பது நம் பக்கத்தில் வழக்கம். இரண்டையும் பொறிக்க இடம் இருந்தால் பொறியுங்கள். ஊர் கூப்பிட்ட பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.